நேர்த்திக் கடனும் நினைவுப் பலகையும்

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் திருவிழாக் காலத்தில் நிறைவேற்றப்படும் நேர்த்திக் கடன்களை ஊன்றி நோக்குவோர் ஓர் உண்மையை எளிதில் அறிந்துகொள்வர். காவடி எடுப்பவர், பாற்செம்பு சுமப்பவர், சுடுமணலில் அங்கப் பிரதட்டை செய்பவர், வீதியெங்கும் விழுந்தெழுந்து அடியழிப்பவர், கற்பூரச் சட்டி ஏந்துபவர் ஆகிய இவர்களுட் பலரை அவ்வீதிக்குக் கொண்டுவந்து சேர்த்தது நோய். ஒன்றில் அவர்களே நோயுற்றுத் தேறியிருப்பர்; அன்றேல் அவர்தம் பிள்ளையோ கணவனோ தாயோ தேறியிருத்தல் வேண்டும். பக்தி என்று நாம் பொதுவாகக் கூறிவிடும் பெருவெள்ளத்தின் அடியில், கட்டிலருகே விழித்திருந்த இரவுகளின் நினைவு மணலாகக் கிடக்கிறது.

நமது நீர்வேலியும் இதற்கு விலக்கன்று. செம்மண்ணையும் கிணற்று நீரையும் நம்பி வாழும் ஊர் இது. வாழையே இவ்வூரின் முகம். கந்தசுவாமி கோயிலும், இரகுவமிசத்தைத் தமிழிற் பாடிய அரசகேசரியின் பெயரைத் தாங்கிநிற்கும் பிள்ளையார் கோயிலும், வாய்க்காற்றரவைப் பிள்ளையார் கோயிலும் ஊர்மக்களின் இன்ப துன்பங்களோடு பின்னிப் பிணைந்தவை. பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையாகும்போது தோட்டக்காரன் தன் தோட்டத்து முதற் குலையை நேர்ந்து விடுகிறான். அவன் மனைவி மஞ்சட் சீலைத் துண்டில் ஒரு காசை முடிந்து சுவாமி படத்தடியில் வைக்கிறாள். காய்ச்சல் தணிந்ததும் குலை கோயிலுக்குப் போகிறது; முடிந்த காசு உண்டியலுக்குள் விழுகிறது. கணக்குத் தீர்ந்தது, கடன் அடைந்தது.

ஆயினும், நேர்த்தி தீர்ந்த பின்னர் எஞ்சுவது யாது என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. காவடி இறக்கிவைக்கப்படுகிறது. பால் அபிடேகமாகி ஓடிவிடுகிறது. கற்பூரம் எரிந்தழிகிறது. வாழைப்பழம் உண்ணப்படுகிறது. வெள்ளித் தகட்டிற் செய்த கண்ணும் கையும் காலும் உண்டியலைச் சேர்ந்து, பின்னொரு நாள் உருக்கப்படுகின்றன. எவருக்கு, எந்த ஆண்டில், என்ன நோய் வந்தது, அது எவ்வாறு நீங்கியது என்னும் செய்தியை அந்த வெள்ளிக் கண் எவர்க்கும் கூறுவதில்லை. அது பார்க்கிறது; பேசவில்லை.

பேசும் காணிக்கைகளும் உலகில் உள்ளன. நோய் நீங்கியதற்கு நன்றியாகச் சிறியதொரு பலகையிலோ தகட்டிலோ படம் எழுதுவித்துக் கோயிற் சுவரில் மாட்டும் வழக்கம் ஐரோப்பாவின் கத்தோலிக்க நாடுகளிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் பன்னெடுங் காலமாக நிலவி வருகின்றது. செருமனியின் பவேரியாப் பகுதியில் அல்த்தேற்றிங் என்னும் தலத்திலுள்ள சிறு கோயிலின் புறச் சுவர்களை இத்தகைய பலகைகள் ஈராயிரம் வரையில் மூடி நிற்கின்றன. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கருகே மடோனா தெல் ஆர்க்கோ என்னும் கோயிலிலும் ஆயிரக்கணக்கான படங்கள் உள்ளன. அவற்றுட் பழையவை நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை.

இப்படங்களின் அமைப்பு ஏறத்தாழ எங்கும் ஒன்றே. நடுவில் ஒரு கட்டில். கட்டிலில் நோயாளி. கட்டிலருகே முழந்தாளிட்டுக் கைகூப்பும் மனைவி, தாய், பிள்ளைகள். ஒரு மூலையில் மேகத்தின் நடுவே மாதாவோ புனிதர் ஒருவரோ தோன்றுகின்றனர். அடியில் இரண்டு மூன்று வரி: இன்னார், இன்ன ஊர், இன்ன திகதி, இன்ன நோய், இன்ன விதமாகப் பிழைத்தார் என்பது. மரத்திலிருந்து விழுந்தவன், வண்டிச் சில்லின் கீழ் அகப்பட்டவன், மகப்பேற்றில் மரணத்தின் வாயிலைத் தொட்டு மீண்டவள், மாடு முட்டியவன், இடி தாக்கியவன் என்று ஒரு நாட்டின் உழைக்கும் மக்கள் அடைந்த இன்னல்கள் அனைத்தும் அச்சுவர்களில் வரிசையாகக் காட்சி தருகின்றன. அரசர்களும் தளபதிகளும் இல்லாத சரித்திரம் அது.

மெக்சிக்கோ நாட்டில் இக்கலை தனித்ததொரு வளர்ச்சி பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தகரத் தகடு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், ஏழை விவசாயியும் ஒரு படம் எழுதுவிக்கும் நிலை ஏற்பட்டது. படம் எழுதியவர்கள் பெரும்பாலும் பெயரற்ற ஊர்க் கலைஞர்கள். நோயாளி தன் கதையைச் சொல்வான். கலைஞன் அதை வரைந்து, சொன்னதைச் சொன்னபடியே, எழுத்துப் பிழைகளோடு, அடியில் எழுதிக் கொடுப்பான். பெருஞ் சுவரோவியங்களால் உலகப் புகழ் பெற்ற தியேகோ றிவேரா இத்தகரப் படங்களைத் தம் நாட்டு மக்களின் உண்மையான ஓவியமென்று போற்றினார். அவர் மனைவியாரும் பெரும் ஓவியருமான பிரீடா காலோ இவற்றைப் பெருந்தொகையாகச் சேர்த்து வைத்திருந்தார். 1925-ஆம் ஆண்டு செப்டெம்பர் 17-ஆம் திகதி அவர் சென்ற பஸ் வண்டியோடு டிராம் வண்டி மோதியதில் அவருடைய முதுகெலும்பும் இடுப்பும் நொறுங்கின. பல ஆண்டுகளின் பின், அத்தகைய விபத்தொன்றைக் காட்டும் பழைய நேர்த்திப் படமொன்று அவர் கையிற் கிடைத்தது. அதிலிருந்த பெண்ணுக்குத் தம்முடைய கூட்டுப் புருவத்தை வரைந்து, அடியில் தம் பெற்றோர் கூறும் நன்றியாக வாசகம் எழுதி, அதனைத் தம் கதையாகவே அவர் மாற்றிக்கொண்டார். அவரோ பொதுவுடைமைவாதி. மதத்தின் சட்டகத்துள் மக்கள் தம் துயரத்தை எவ்வளவு நேர்மையோடு எழுதி வைத்தனர் என்பதை உணர்ந்தமையாலேயே அப்படங்கள் அவருக்கு உவப்பாயின என்று நாம் கருதுகிறோம்.

இது பாமரர் வழக்கம் மட்டுமன்று. பாரிசிலுள்ள லூவர் கலைக்கூடத்தில் பிலிப் த சம்பேன் 1662-இல் எழுதிய ஓவியமொன்று இருக்கிறது. அவருடைய மகள் போர் றோயல் மடத்துக் கன்னியாஸ்திரி. வாதத்தால் நடக்கவியலாது கிடந்த அவர், மடத் தலைவியார் ஒன்பது நாட் செபம் செய்தபின் எழுந்து நடந்தார். நன்றிக்கடனாகத் தந்தை அவ்விருவரையும் எழுதி மடத்துக்கு அளித்தார். சாம்பல் நிறச் சுவர், ஒரு நாற்காலி, இரண்டு பெண்கள், மேலிருந்து விழும் ஒளிக்கற்றை, வேறெதுவும் இல்லை. அரசவைப் புகழ் பெற்ற அவ்வோவியரும் தகரத்தில் எழுதிய மெக்சிக்கோக் கலைஞனும் சொல்லவந்தது ஒன்றே: என் வீட்டில் ஒருவர் நோயுற்றார், பிழைத்தார், அதனை நான் மறக்க மாட்டேன்.

நம்மிடையே இவ்வழக்கம் இல்லையா? படமாக இல்லை, ஆயின் வேறு உருவங்களில் உண்டு. வேளாங்கண்ணியிற் பக்தர்கள் அளித்த காணிக்கைகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் ஓர் அருங்காட்சியகமே உள்ளது. பொன்னாலும் வெள்ளியாலும் ஆன உறுப்பு வடிவங்களுடன், என்ன நேர்ந்தது, எப்படி நீங்கியது என்று தம் கைப்பட எழுதிய நன்றிக் கடிதங்களும் அங்கே இடம்பெறுகின்றன. சைவ மரபை எடுத்துக்கொண்டால், பாட்டே நமக்குப் பலகையாக இருந்துவந்திருக்கிறது. சூலை நோயாற் குடல் முறுகித் துடித்த மருணீக்கியார் திருவதிகையிற் பாடிய முதற் பதிகம், நோயாளி ஒருவன் தன் வேதனையைத் தானே எழுதிய சாசனமன்றி வேறென்ன? ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்பது வரலாறு கூறும் மரபு. வாத நோயால் வருந்திய மேற்பத்தூர் நாராயண பட்டத்திரி குருவாயூரிலே இருந்து நாராயணீயம் என்னும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுலோகங்கள் கொண்ட வடமொழி நூலை இயற்றியதும் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வகையிலேயே நிகழ்ந்தது.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை நாம் காணாமல் விட்டுவிடலாகாது. நம் மரபிலே பேசியவர்கள் பாடத் தெரிந்தவர்கள். பாடத் தெரியாதவன் வெள்ளிக் கண்ணை வாங்கி உண்டியலில் இட்டுவிட்டு மௌனமாக வீடு திரும்பினான். கல்லில் எழுதும் வசதி படைத்தவர்களோ விளக்குக்கு ஆடும் அமுதுக்கு நிலமும் அளித்து, அச்செய்தியைக் கோயிற் சுவரிற் பொறித்து வைத்தனர். தென்னாட்டுக் கோயிற் சுவர்களிற் பல்லாயிரம் கல்வெட்டுக்கள் உள்ளன. கொடுத்தவன் பெயர் அவற்றில் உண்டு; கொடுத்த பொருளின் அளவு உண்டு. நிலத்தை உழுதவனுக்கு வந்த காய்ச்சலைப் பற்றிய செய்தி அவற்றில் அருமை. மெக்சிக்கோ விவசாயி எழுத்தறியாதவனாக இருந்தும் அவன் குடும்பத்து நோயைப் பற்றி இன்று நாம் அறிகிறோம். நம் பாட்டனுக்குப் பாட்டனின் நோயை நாம் அறியோம். கலை மக்களிடம் இருந்ததா, மேலோரிடம் இருந்ததா என்னும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

ஆகவே நேர்த்திப் படங்களை நாம் கண்மூடிப் புகழ வேண்டும் என்பதன்று. அவற்றுக்கு மறுபக்கமும் உண்டு. பழைய கிரேக்கத்தில் அஸ்கிலேபியஸ் என்னும் மருத்துவத் தெய்வத்துக்கு எப்பிதோரஸ் நகரிற் பெருங்கோயில் இருந்தது. குணமானவர்களின் கதைகளைக் கல்லிற் பொறித்து அங்கே நிறுத்தியிருந்தனர். கி. மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கற்களிலொன்றில் ஒரு சுவையான செய்தி காணப்படுகிறது. அதென்சு நகரத்துப் பெண்ணொருத்திக்கு ஒரு கண் பார்வையில்லை. கோயிலைச் சுற்றி வந்தவள் அங்குள்ள அற்புதக் கதைகள் சிலவற்றைப் படித்து நகைத்தாள். இரவிற் கனவிலே தோன்றிய தெய்வம், கண்ணைக் குணமாக்குவதாயும், அதற்கு ஈடாக அவளுடைய அறியாமையின் சின்னமாக வெள்ளியாற் செய்த பன்றியொன்றைக் காணிக்கையாக வைக்க வேண்டுமென்றும் கூறிற்றாம். ஐயுற்றவளைத் தண்டித்து வெள்ளியும் வாங்கிக்கொண்ட அந்தத் தெய்வத்தின் குரலிற் பூசகரின் குரலும் கலந்திருக்கிறது என்று எண்ணுவது பிழையாகாது. நம்பிக்கை மக்களுடையது, நம்பிக்கையின் வருமானம் வேறொருவருடையது. இந்நிலை அன்றைய கிரேக்கத்தோடு முடிந்துவிடவுமில்லை.

இதைவிடக் கூரிய கேள்வியொன்றை றோமாபுரி அறிஞர் சிசரோ நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார். தியாகரஸ் என்னும் நாத்திகர் சமோத்திராக்கித் தீவிலுள்ள கோயிலுக்குச் சென்றபோது, கடற்புயலிற் சிக்கி நேர்ந்துகொண்டு உயிர்தப்பியவர்களின் படங்களை நண்பரொருவர் காட்டி, தெய்வங்கள் மனிதரைக் கவனிப்பதில்லை என்று இனியும் சொல்வீரோ என்று கேட்டார். நேர்ந்துகொண்டும் மூழ்கியவர்களின் படங்கள் எங்கே என்னும் கருத்துப்பட அவர் மறுமொழி கூறினார். இக்கதையைப் பிரான்சிஸ் பேக்கன் 1620-இல் வெளிவந்த தமது நூலில் எடுத்தாண்டு, மனித மனம் தனக்கு உவந்த சான்றுகளை மட்டும் எண்ணிக்கொள்ளும் குற்றத்துக்கு இதனை உதாரணமாக்கினார். இன்றைய விஞ்ஞான முறைக்கு அடிக்கல்லாக அமைந்த சிந்தனைகளுள் இதுவும் ஒன்று.

மூழ்கியவர்களின் படங்கள் எங்கே? இக்கேள்வியை நம் நாட்டின் வரலாற்றின்மீது வைத்துப் பார்க்கலாம். 1934, 1935-ஆம் ஆண்டுகளில் இலங்கையைப் பீடித்த மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் குடித்தது. கேகாலை, குருநாகல் முதலிய பகுதிக் கிராமங்களில் மாண்டவர்கள் பெரும்பாலும் வறியவர்கள். அவர்களுட் குழந்தைகள் மிகப் பலர். அவர்களும் நேர்ந்திருப்பார்கள், தேவாலயத்துக்கும் விகாரைக்கும் விளக்கேற்றியிருப்பார்கள். அரை வயிற்றுக் கஞ்சிக்கும் வழியற்ற உடம்பை அந்நோய் எளிதில் வீழ்த்திற்று. அவ்வேளையிற் சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள், டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலியோருடன் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் வேர்களுள் ஒன்று அந்நோயாளிகளின் குடிசைகளில் ஊன்றப்பட்டது. பின்னர், நுளம்பை ஒழிக்கும் வேலையும் இரத்தப் பரிசோதனையும் இலவச மருந்தும் பல்லாண்டு ஓயாது தொடர்ந்து, 2016-இல் மலேரியா அற்ற நாடென்று உலகச் சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. இவ்வெற்றிக்கு எவர் எங்கே காவடி எடுத்தார்? வராத காய்ச்சலுக்கு நன்றி சொல்லும் வழக்கம் எந்தச் சமயத்திலும் இல்லை.

அம்மை நோயின் கதையும் இத்தகையதே. ஒரு காலத்தில் வேப்பிலைக் கொத்து வாசலிற் கட்டாத தெருவே இல்லையெனும்படி அந்நோய் மலிந்திருந்தது. அதனைத் தாயின் கோபமென்று அஞ்சிய மக்கள், தணிந்தபோது குளிர்த்தி செய்தும் பொங்கலிட்டும் நன்றி செலுத்தினர். கண்ணிழந்தவர்களும் பிள்ளையை இழந்தவர்களும் யாதும் பேசாது ஒதுங்கிக்கொண்டனர். 1980-ஆம் ஆண்டு மே மாதம் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பால் கறக்கும் பெண்களின் அனுபவத்திலிருந்து ஜென்னர் 1796-இற் கண்டறிந்த தடுப்பு முறையும், ஊரூராக நடந்து ஊசி குத்திய பெயரறியாத ஊழியர்களுமே அதனைச் சாதித்தனர். அம்மன் கோயிற் பொங்கல் இன்றும் நடைபெறுகிறது, நடைபெறட்டும். அப்பொங்கற் பானையின் ஓரத்தில் அந்த ஊழியர்களுக்கும் ஓர் அகப்பை உரியது.

மூழ்கியவர்களைப் பற்றிப் பேசும்போது, கோயிலுக்குள்ளே போக விடப்படாதவர்களையும் நாம் மறத்தல் கூடாது. யாழ்ப்பாணத்திற் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் பல கோயில்களில் வெளிவீதியோடு நின்று நேர்த்தி தீர்த்தார்கள். 1957-இற் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்த பின்னரும், 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிற் போராட வேண்டிய நிலை இருந்தது. அதே மக்களுக்கே நல்ல கிணறுகளும் மறுக்கப்பட்டன. குடிப்பதற்குத் தூய நீரில்லாதவனுக்கு வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் முதலில் வந்தன. வந்த நோய் நீங்க நேர்ந்தால், கடனை இறுக்க வாயிலும் அடைத்திருந்தது. நோயைக் கொடுத்ததும் நன்றியைத் தடுத்ததும் ஒரே கை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இனி, நேர்த்திப் படங்களின் மற்றொரு குறையைக் குறிப்பிட வேண்டும். அவற்றிற் பெரும்பாலானவற்றிலே நோயாளியும் உறவினரும் தெய்வமும் உண்டு. மருத்துவனும் தாதியும் காணப்படுவது அரிது. தமிழ் மரபில் இக்குறையை நீக்கும் சான்றொன்று இருப்பது நமக்குப் பெருமை தருவது. காஞ்சிபுரத்துக்கு அண்மையில் மூன்று ஆறுகள் கூடும் திருமுக்கூடலிலுள்ள பெருமாள் கோயிலிற் பதினோராம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று காணப்படுகிறது. கோயிலைச் சார்ந்து நடைபெற்ற வீரசோழன் ஆதுலர் சாலையிற் பதினைந்து நோயாளிகள் கிடப்பதற்கு இடமிருந்ததென்றும், மருத்துவருக்கும் அறுவை வைத்தியருக்கும், மூலிகை கொண்டுவருவோருக்கும், நோயாளிகளுக்குப் பணிசெய்த பெண்களுக்கும், நாவிதனுக்கும் இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்றும் அது வரையறுக்கிறது. சேமித்து வைக்கும் மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. தெய்வத்தின் சுவரிலே தாதியின் கூலி எழுதப்பட்டிருக்கிறது! பக்தியும் வைத்தியமும் பகையென்று கருதாத ஒரு காலத்தின் குரல் அது. மன்னராட்சியின் ஏற்றத்தாழ்வுகள் அக்கூலியின் அளவிலும் தெரியும். ஆயினும் பணிசெய்தவர்கள் கணக்கிலிருந்து நீக்கப்படவில்லை.

யாழ்ப்பாணத்திலும் நன்றி கூறத்தக்கவர்கள் பலர் இருந்தனர். அமெரிக்க மிசனைச் சேர்ந்த டாக்டர் சமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் இங்கு வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, தமிழ் மாணவர்களுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அங்காதிபாதம், இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழாக்குவதிலும் தொகுப்பதிலும் தம் மாணவர்களோடு உழைத்தார். அவை யாவும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். மதம் பரப்புதலே அவரை அனுப்பியவர்களின் நோக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும், வைத்தியம் மக்களின் மொழியிற் பேச வேண்டும் என்று அவர் கொண்ட கொள்கையை, தமிழிலே உயர்கல்வி இயலாதென்று இன்றும் முணுமுணுப்போர் முன்னே நாம் எடுத்துக்காட்டலாம். அதே காலத்தில் அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் 1850-இல் தொடங்கப்பட்ட சிறு வைத்தியசாலையே வளர்ந்து இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக நிற்கிறது. மக்கள் வாயில் அது என்றும் பெரியாஸ்பத்திரி.

அப்பெரியாஸ்பத்திரிக்குள்ளே 1987 ஒக்ரோபர் 21-ஆம், 22-ஆம் திகதிகளில், தீபாவளி நாளிலே, இந்தியப் படையினர் புகுந்து சுட்டனர். நோயாளிகளுடன் வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியர்களுமாக இருபத்தொரு பணியாளர்கள் மாண்டனர். ஆண்டுதோறும் அங்கே அவர்கள் நினைவுகூரப்படுகின்றனர். போர்க்காலத்தில் மின்சாரமின்றியும் மருந்தின்றியும் அவ்வாஸ்பத்திரி இயங்கிற்று. 1995 ஒக்ரோபர் 30-ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நடந்தபோது, நீர்வேலிச் சனங்களும் சேலைன் போத்தலைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி நோயாளிகளைச் சைக்கிளிலும் தோளிலும் கொண்டு சென்ற கதைகள் இன்னமும் வீடுகளிற் பேசப்படுகின்றன. அவற்றை எழுதி வைத்த பலகை எதுவுமில்லை.

சில காலத்துக்கு முன்னர் காவடிக்குப் பின்னே பாற்செம்போடு நடந்த முதியவர் ஒருவரோடு பேசும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பேரப்பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல் வந்து தப்பியதற்கான நேர்த்தி அது.

“முருகன்தான் காப்பாத்தினவன், தம்பி. அதை நான் மறக்கமாட்டன். ஆனா, வாட்டில நிண்ட அந்த நேர்ஸ்ப் பிள்ளை மூண்டு இரவு கண் மூடேல்லை. மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் வந்து பாத்தவ. அவவின்ர பேரைக்கூட நான் கேக்கேல்லை,” என்றார் அவர்.

அவர் குரலில் இருந்தது பக்தியின் குறையன்று, நன்றியின் நிறைவின்மை. தெய்வத்துக்குச் செலுத்தும் கடனுக்கு நம் சமூகம் ஆயிரம் வழிகளை வகுத்துத் தந்திருக்கிறது. மனிதருக்குச் செலுத்தும் கடனுக்கு ஒரு வழியையும் வகுக்கவில்லை. அந்த மூதாட்டிக்குத் தாதியின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை என்றால், அவ்வாறு கேட்பது ஒரு வழக்கமாக நம்மிடையே இல்லாமையே காரணம்.

இவ்வெண்ணத்தோடு நம் வகுப்பு மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியொன்று கொடுத்தோம். வீட்டில் எவரேனும் நோயுற்றுத் தேறியிருந்தால் அதனைப் படமாக வரைந்து, அடியில் மூன்று வரி எழுதி வர வேண்டும். யார், எப்போது, எவரால் என்பன அதில் இடம்பெற வேண்டும். மெக்சிக்கோத் தகரப் படங்களைப் பற்றி அவர்களுக்கு எதுவும் கூறவில்லை. ஒரு சிறுமி வரைந்த படத்தில் நடுவே கட்டில், சேலைன் போத்தல், வெள்ளைச் சீருடைத் தாதி, வலது மூலையில் மயிலும் வேலும். அல்த்தேற்றிங் சுவரில் மாட்டினாலும் அது அந்நியமாகத் தோன்றாது. இன்னொரு மாணவன் தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குத் தாயோடு செல்லும் பஸ்ஸை மட்டும் வரைந்திருந்தான். ஒவ்வொரு யன்னலிலும் ஒரு முகம். எல்லோரும் கிளினிக்குக்குப் போகிறவர்கள் என்று எழுதியிருந்தான். வேறொருத்தி வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தரின் ஸ்கூட்டரை வரைந்து, தம்பி பிறக்க உதவியவர் என்று குறித்திருந்தாள்.

ஒரு பையனின் தாளிற் கட்டில் இருந்தது, கட்டிலில் எவருமில்லை. அடியில் எழுத்தும் இல்லை. அவன் தந்தை தோட்டத்துக்கு மருந்தடிப்பவராக இருந்து சிறுநீரக நோயால் இறந்தவர் என்பதைப் பின்னர் அறிந்தோம். தியாகரஸின் கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் நீர்வேலிச் சிறுவன் ஒருவன் விடை வரைந்திருந்தான். மூழ்கியவரின் படம் அதுதான். அதனையும் ஏனையவற்றோடு வகுப்பறைச் சுவரில் மாட்டினோம். அவன் மறுக்கவில்லை.

அந்த வெற்றுக் கட்டில் பல கேள்விகளை எழுப்புகிறது. அவருடைய நோய்க்குக் காரணம் இன்னதென்று முடிவு கட்டும் தகுதி நமக்கில்லை. அது வைத்தியர் கூற வேண்டியது. ஆயினும், குடாநாட்டின் சுண்ணக்கற் பாறைக்குள் ஊறும் நீரில் உரத்தின் நைத்திரேற்றுக் கலந்திருப்பதை ஆய்வாளர் பலகாலமாக எச்சரித்து வருகின்றனர். முகமூடியும் கையுறையுமின்றி நஞ்சு விசிறும் உழவர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதிக விளைச்சலுக்காக அவனை நெருக்குவது சந்தை. கடனுக்கு மருந்து விற்பது வியாபாரி. மலிவான பழத்தை விரும்புவது நாம். வாழைக் குலையை நேர்ந்து விட்டால் மட்டும் கிணற்று நீர் தெளியாது. கூட்டாக விளைந்த தீங்கு கூட்டு முயற்சியாலேயே தீரும்.

நன்றி என்பது வெறும் நாகரிகமன்று. அது ஓர் அரசியற் செயலுமாகும். எதற்கு நாம் நன்றி சொல்கிறோமோ அதனையே காக்க முற்படுவோம். கோயில் மதில் வெடித்தால் நிதி சேர்க்கக் குழு அமைக்கிறோம். வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு எழுதுகிறோம். கட்டணமின்றி நம்மைப் பிழைக்க வைத்த அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்றால், நமக்கேது என்று தனியார் வைத்தியசாலையை நாடுகிறோம். 2022-ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது இந்நாட்டு வைத்தியசாலைகளில் இன்றியமையாத மருந்துகளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது; வைத்தியர்களும் தாதியரும் பெருந்தொகையாக நாட்டை விட்டு வெளியேறினர். பணமுள்ளவன் வெளியில் வாங்கினான். இல்லாதவன் மீண்டும் மஞ்சட் சீலையில் காசு முடிந்தான். இலவச வைத்தியம் வானத்திலிருந்து விழுந்த வரமன்று. மக்கள் கேட்டும் போராடியும் வரி செலுத்தியும் கட்டியெழுப்பியது. அதன் நேர்த்தியை நாம் இறுக்காவிடில் அது கைநழுவிப் போகும்.

ஆதலால் நாம் கூறுவது காவடியை விடுங்கள் என்பதன்று. துன்பத்தில் உழலும் தாயிடம் சென்று அவள் பற்றியிருக்கும் கொழுகொம்பைப் பறிப்பது முற்போக்காகாது. கொழுகொம்பு தேவைப்படாத வாழ்வை அவளுக்கு உண்டாக்குவதே முற்போக்கு. அதுவரையில் நேர்த்திகள் நடைபெறட்டும். ஆனால் அவை பேசட்டும். வெள்ளிக் கண்ணோடு ஒரு துண்டுக் கடுதாசியும் உண்டியலில் விழட்டும்: யார், என்ன நோய், எத்தனை நாள், எந்த ஆஸ்பத்திரி, எவர் இரத்தம் கொடுத்தார், எவர் விழித்திருந்தார். கோயிற் சபையினர் அதனைச் சுவரில் மாட்ட இடமளிக்கட்டும். நம் ஊர் வாசிகசாலைகளில் ஒரு பலகை இதற்கென வைக்கப்படட்டும். பிழைத்தவர் கதையுடன் பிழையாதவர் கதையும் அதில் எழுதப்படட்டும். ஐம்பது ஆண்டுகளின் பின் நீர்வேலியின் உண்மையான வரலாற்றை எழுதப் புகுபவனுக்கு அதைவிடச் சிறந்த ஏடு கிடைக்காது.

பாற்செம்பு சுமந்த அந்த மூதாட்டி அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது தாதியின் பெயரைக் கேட்டு வருவதாக நம்மிடம் கூறினார். எழுதிக் கொடுக்க நாம் உடன்பட்டிருக்கிறோம்.